வெள்ளைக் கப்பலா, நீலக் கப்பலா?

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் போனை வைக்கும்போது சின்னவன் சொன்னது, "வெள்ளைக் கப்பல்தான், பேச்சே இல்லை" என்று. அதற்கு முதல் நாள் அப்பா சொன்னது, "நீலக் கப்பல்தான், பேச்சே இல்லை" என்று. பேச்சே இல்லை என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசினார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் மூத்தவள்.

அவளுக்கு இது வேண்டியதுதான் என்று நீங்கள் சொல்லலாம். பத்தொன்பது வருஷமாக டிராவல் ஏஜென்சியில் உட்கார்ந்து வசதியுள்ளவர்களைக் கப்பலேற்றி அனுப்புகிறவள் அவள். எந்தக் கப்பலில் எத்தனை விதத் தலையணை, எந்தக் கப்பலில் பட்லர் வந்து பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் மாட்டித் தருவார் என்றெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். தான் மட்டும் ஒரு படகில்கூட ஏறியதில்லை.

இப்போதுதான் வந்து சேர்ந்துகொண்ட வாசகர்களுக்காக இரண்டு வரி. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷம் ஆகிறது. வேறு நாட்டில் கண் டாக்டராக இருக்கும் சின்னவன் ஆறு வருஷமாக வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அந்த உறுத்தலுக்கு மருந்தாக, பெற்றவர்களை முப்பத்தொரு நாள் சொகுசுக் கப்பலில் அனுப்புவதென்று கிளம்பியிருக்கிறான். மிஞ்சியது இரண்டே கம்பெனிகள். அவற்றின் பெயர்கள் வாயில் நுழையாத நீளம் என்பதால், கையேட்டு அட்டையின் நிறத்தை வைத்து வீட்டில் வெள்ளை, நீலம் என்றே ஆகிவிட்டது.

வெள்ளை பெரிய கப்பல். பதினோரு தளம், ஏழு சாப்பாட்டுக் கூடம், இரண்டு டாக்டர்கள், குட்டி ஆஸ்பத்திரி. ஏறுவதற்கு முன் நாலு பக்கத்துக்கு உடல்நிலைப் படிவம் வேறு கேட்பார்கள். நீலம் சின்னது. மொத்தமே நூறு அறை. பெரிய துறைமுகங்களை விட்டுவிட்டு, யாரும் அதிகம் போகாத தீவுகளுக்குப் போகும். நடுவில் எட்டு நாள் கரையே கண்ணில் படாது. படிவம் கிடையாது. 'அறிவிக்க ஏதுமில்லை' என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும்.

இரண்டிலும் அறை பிடித்து நிறுத்தி வைத்திருந்தாள். இன்று மாலை ஐந்து மணிக்கு அந்தக் கெடு முடிகிறது.

மதியம் இரண்டேகாலுக்கு ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் மனைவியோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். "பால்கனி அறை வேணும், ஆனா காத்து வரக் கூடாது" என்றார். மூத்தவள் முகத்தில் சிரிப்பு மாறாமல், "கண்ணாடிக் கதவை மூடிக்கலாம் சார்" என்றாள். அவருக்குக் காட்டுவதற்காகப் பையிலிருந்து அந்த இரண்டு கையேடுகளையும் எடுத்தாள். நேற்று அம்மா வீட்டிலிருந்து திரும்பக் கொண்டுவந்தவை. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை.

"என்னங்க இது, பரீட்சைப் பேப்பரா?" என்றார் பல் டாக்டர்.

"எங்கம்மா சார். மருந்துச் சீட்டைக் குடுத்தாக்கூடத் திருத்தித்தான் தருவாங்க."

பெருமையாகத்தான் சொன்னாள். அம்மா முப்பத்துமூன்று வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவள். க், ச், த், ப் ஒன்று விட்டுப்போனாலும் கம்போசிங் ஆட்களை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள். 'ஒற்றக்கா வர்றாங்க' என்றால் அச்சகத்தில் பாட்டுப் பாடுகிறவன் வாயை மூடிக்கொள்வான். எந்தக் காகிதமானாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள்.

பல் டாக்டர் காற்றில்லாத பால்கனியை யோசித்துச் சொல்வதாக எழுந்து போனார். மூத்தவள் சும்மா புரட்டினாள்.

முதல் பக்கம் அம்மாவேதான். 'உணவு பட்டியல்' என்று இருந்ததில் ப் சேர்த்திருந்தாள். 'கடல்பயணம்' என்பதை 'கடற்பயணம்' ஆக்கியிருந்தாள். ஓரத்தில் 'யார் மொழிபெயர்த்தது? அடிக்க வேண்டும்' என்று ஒரு குறிப்பு. மூத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான்காம் பக்கத்தில் 'துறைமுகம்' என்று சரியாக இருந்த சொல்லில் ற-வை அடித்து ர போட்டிருந்தது. மூத்தவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். துரைமுகம். அம்மாவின் கையெழுத்துதான். அதே நேர்த்தியான அடித்தல் கோடு, அதே ஓரக் குறி.

அடுத்த பக்கத்தில் 'பயணம்' பயனம் ஆகியிருந்தது. ஒரு தரம் இல்லை. வந்த இடமெல்லாம்.

ஒன்பதாம் பக்கத்தில் திருத்தமே இல்லை. 'கப்பல்' என்ற சொல்லை மட்டும் வட்டம் போட்டு, ஓரத்தில் மணி மணியாக எழுதியிருந்தாள். 'இது என்ன சொல்?'

பத்தாம் பக்கத்திலும் கப்பல் என்ற சொல்லுக்கு வட்டம். 'இது என்ன சொல்?' பதினொன்றிலும் அதே.

இது அசதியாக இருக்கும், அரைத் தூக்கத்தில் படித்திருப்பாள் என்று மூத்தவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். முப்பத்துமூன்று வருஷம் ராத்திரி ஷிப்டிலும் கண் அசராத மனுஷி அரைத் தூக்கத்தில் ற-வை ர ஆக்குவாளா?

நீலக் கையேட்டின் நடுப்பக்கத்தில் கப்பலின் தள வரைபடம் இருந்தது. அதில் சிவப்பு மை இல்லை. பென்சில் இருந்தது. அது அப்பாவின் பென்சில்.

அப்பா நிலம் அளக்கும் சர்வேயராக இருந்தவர். வீட்டில் அவருக்கு 'அளவுக்காரர்' என்று பெயர். புது நாற்காலி வாங்கினாலும் நீள அகலம் குறிக்காமல் உட்கார மாட்டார். வரைபடத்தை அவர் ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்ததை அவளே பார்த்துக் கேலி பண்ணியிருக்கிறாள். என்ன குறித்தார் என்று படித்துப் பார்த்ததில்லை.

'அறைக் கதவிலிருந்து சாப்பாட்டுக் கூடம் என் நடையில் 34 காலடி. அவள் நடையில் 41. திருப்பம் ஒன்று.'

அதற்குக் கீழே, 'ஒரே நடைபாதை. வளையம். இடது கையால் சுவரைத் தொட்டபடி நடந்தால் எங்கே போனாலும் சொந்தக் கதவுக்கே வந்து சேரலாம். சரி.'

வெள்ளைக் கப்பலின் வரைபடத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'பதினோரு தளமும் ஒன்றுபோலவே. முடியாது.'

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "தலைவலியா?" என்று கேட்டாள் பக்கத்து மேஜைக்காரி. ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினாள். இறங்கிக்கொண்டே அப்பாவுக்குப் போன் பண்ணி, "கையேட்டைப் பார்த்தேன், கிளம்பிட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து அவர் பாத்திரம் துடைத்து அவள் பார்த்ததில்லை. இரண்டு கையேடுகளையும் விரித்து அவர் முன்னால் வைத்தாள்.

அப்பா பார்த்தார். துண்டை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"எத்தனை நாளாப்பா?"

"பதினாறு மாசம்."

"பதினாறு மாசமா! நான் வாராவாரம் வந்துட்டுப் போறேன். ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"நீ வர்ற ரெண்டு மணி நேரமும் அவ நல்லாத்தான் இருப்பா. அதுக்காக முந்தின நாளே ஓய்வெடுத்துக்குவா."

மூத்தவளுக்கு அழுகை முட்டியது. தன்னைப் பார்ப்பதற்கு அம்மா தயாராக வேண்டியிருந்திருக்கிறது. வந்த பிள்ளையோ அரட்டை அடித்துவிட்டு, அம்மா கையால் காபி குடித்துவிட்டு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று போயிருக்கிறது. தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனோம். ஒரு பேரு வச்சார். பேரு வச்சுட்டா சரியாயிடுமா?"

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"சில நாள் தெரியும்."

அவர் அலமாரியிலிருந்து ஒரு பழைய அளவைக் குறிப்பேட்டை எடுத்து நீட்டினார். மலையும் காடும் அளந்த காலத்தில் வைத்திருந்த அதே மாதிரி நோட்டு, அதே சின்ன எழுத்து. '10.40, தபால் பெட்டிக்குப் போனாள். 210 மீட்டர். 11.25, திரும்பவில்லை. 11.50, பள்ளிக்கூட வாசலில் நின்றாள். எதிர்த் திசை. 640 மீட்டர்.' பக்கம் பக்கமாக அம்மா வழி தவறிய தூரங்கள். மூத்தவளால் இரண்டு பக்கத்துக்குமேல் படிக்க முடியவில்லை.

"அதான் நீலக் கப்பல்" என்றார் அப்பா. "வேலைல இருந்த காலமெல்லாம் நான் கூடாரத்துல கெடந்தேன். வருஷத்துக்கு நாலு மாசம் வீட்ல இருந்தா பெரிசு. உங்க ரெண்டு பேரையும் அவ ஒத்தையா வளர்த்தா. அவ என்னை யாருன்னு கேக்கறதுக்குள்ள ஒரு மாசம், ஒரே ஒரு மாசம், கூடவே இருந்து குடுத்துடறேனே. கப்பல்ல அவ தொலைஞ்சு போக முடியாதும்மா. சுத்திலும் தண்ணி."

"சுத்திலும் தண்ணிங்கறதுதாம்பா எனக்குப் பயமே."

அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வெள்ளைக் கப்பல்காரன் ஏன் நாலு பக்கம் கேக்கறான்னு நெனைக்கறீங்க? விடியக்காலைல கழிவறைக் கதவுன்னு நெனைச்சு வேற கதவைத் திறந்தவங்க உண்டு. நான் இந்தத் தொழில்ல இருக்கேன், எனக்குத் தெரியும். உள்ளதைச் சொன்னா கதவுக்கு மணி வைப்பான், கூட ஒரு ஆளைப் போடுவான், இல்ல வேண்டாம்னு சொல்லுவான். நீலக் கப்பல் எதையும் கேக்கலைன்னா எதுக்கும் பொறுப்பு இல்லைன்னு அர்த்தம். எட்டு நாள் கரை கிடையாதுப்பா."

"வெள்ளைக் கப்பல்காரன் வேண்டாம்னுதான் சொல்லுவான்."

"சொல்லட்டும்."

"உனக்குச் சுலபம்" என்றார் அப்பா. அதைச் சொன்ன மாத்திரத்திலேயே அவர் வருந்தியது முகத்தில் தெரிந்தது. ஆனால் வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

"எதுக்கு ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசறீங்க?"

அம்மா கூடத்தில் நின்றாள். தலை வாரி, சேலை மடிப்புக் கலையாமல், எப்போதும்போலத்தான் இருந்தாள். கையேடுகளோடு மூத்தவள் கொண்டுவந்து மேஜைமேல் போட்டிருந்த வெள்ளைக் கப்பலின் படிவத்தைப் பார்த்ததும் கை தானாக மூக்குக் கண்ணாடியைத் தேடியது.

"எத்தனை பக்கம்?"

"நாலும்மா."

"ஒரு பக்கத்துல முடியற சமாசாரத்தை நாலு பக்கம் இழுத்திருக்கான். படி."

மூத்தவள் படித்தாள். இதயம், மூச்சு, சர்க்கரை, மூட்டு. அம்மா ஒவ்வொன்றுக்கும் பட்டுப் பட்டென்று பதில் சொன்னாள். மூட்டுக்கு மட்டும் "முழங்கால் ரெண்டும் கட்சி மாறிடுச்சுன்னு போடு" என்றாள். மூன்றாம் பக்கம் வந்தது. மூத்தவள் மெதுவாகப் படித்தாள்.

"நினைவாற்றல் சார்ந்த கோளாறு ஏதேனும் உண்டா?"

"இல்லைன்னு போடு" என்றார் அப்பா அவசரமாக.

அம்மா அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நாற்பத்தைந்து வருஷம் தன்னோடு வாழ்ந்த மனுஷரை ஒரு பெண் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள்.

"உண்டு" என்றாள். "உண்டுன்னு எழுது."

"அம்மா..."

"காலையில எழுந்ததும் என் பேரைச் சொல்லிப் பார்த்துக்கறேன். அப்புறம் உங்க ரெண்டு பேரு பேரையும். அப்புறம் இவர் பேரை. இவர் தெரியாத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். இதை எழுத இடம் இருக்கா அதுல?"

மூத்தவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"அப்ப உண்டுன்னு மட்டும் போடு. முப்பத்துமூணு வருஷம் அடுத்தவன் எழுதினதைச் சரிபார்த்தவ நான். என்னைப் பத்தி எழுதறதுல பொய் இருக்கக் கூடாது."

கையெழுத்துப் போட்டாள். எழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் அழுகிறார் என்று மூத்தவளுக்குத் தெரிந்தது, போய்த் தொடத் துணிச்சல் வரவில்லை.

"தம்பிக்குச் சொல்லணும்மா."

"நான் சொல்றேன். நீ சொல்லக் கூடாது, இவரும் சொல்லக் கூடாது. என்னோட வியாதி, என் வாயால சொல்றேன். சத்தியம் பண்ணு."

மூத்தவள் அம்மாவின் உள்ளங்கையில் கை வைத்தாள்.

நாலரை மணிக்கு அவள் போன் கிணுகிணுத்தது. ஏஜென்சியின் இணையதளத்திலிருந்து வந்த செய்தி. படித்தாள். நம்ப முடியாமல் இன்னொரு தரம் படித்தாள்.

நீலக் கப்பல். இரண்டு பயணிகள். முப்பத்தொரு நாள். புறப்பாடு பதினொன்றாம் தேதி. உடல்நிலை: அறிவிக்க ஏதுமில்லை. பயணிகளை நேரில் விசாரித்து உறுதி செய்த முகவர் என்ற இடத்தில் அவளுடைய பெயர். பதிவு செய்தவர் சின்னவன்.

"அப்பா."

அவர் திரும்பாமலே பேசினார். "நீ ஆபீஸ்லேர்ந்து கிளம்பிட்டேன்னு போன் பண்ணினியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. உடனே அவனுக்குப் பேசினேன். அக்கா எல்லாம் பார்த்துட்டா, நீலம்தான் நல்லதுங்கறா, நீயே போட்டுடுன்னு சொன்னேன்."

"என் பேரைச் சொல்லியா?"

"வேற யார் பேரைச் சொன்னா அவன் கேப்பான்?"

அவளுக்கு அப்பா மேல் அப்படி ஒரு ஆத்திரம் வாழ்நாளில் வந்ததில்லை. கூடவே, சுவரைப் பார்த்து நின்ற அந்த முதுகைப் பார்க்கப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. செய்தியின் கடைசி வரிக்கு வந்தாள். பதிவு செய்தவர் மட்டும் இன்று மாலை ஐந்து மணிக்குள் ரத்து செய்யலாம்.

சின்னவன் மட்டும்தான். காரணம் தெரியாமல் அவன் ரத்து செய்ய மாட்டான். காரணத்தை அம்மாதான் சொல்ல வேண்டும்.

"அம்மா, தம்பிக்கு இப்பவே போன் போடறேன். நீ சொல்றேன்னியே, அதைச் சொல்லணும். அவன் நீலக் கப்பலைப் போட்டுட்டான். ரத்து பண்ணச் சொல்லு. ஏன்னு சொல்லு. சரியா?"

"சரி."

"என்ன சொல்லப்போற?"

"எனக்கு ஞாபகம் போயிட்டிருக்கு, கப்பல் வேண்டாம்டான்னு சொல்லப்போறேன். குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்லித் தராதே" என்றாள் அம்மா எரிச்சலாக.

மணி அடித்தது. இரண்டாவது மணியிலேயே சின்னவன் எடுத்துவிட்டான். அவன் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"அக்கா, பார்த்தியா? போட்டுட்டேன்! அம்மாகிட்ட குடு, அம்மாகிட்ட குடு!"

அம்மா போனை வாங்கிக் காதில் வைத்தாள். அப்பா இப்போது திரும்பி நின்றார். அம்மாவின் பார்வை அவர் முகத்தில் போய் நின்றது.

"அம்மா, சந்தோஷமா?"

மூத்தவள் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"சந்தோஷம்டா கண்ணா" என்றாள் அம்மா. "ரொம்ப சந்தோஷம். உங்கப்பா ஆசைப்பட்ட கப்பலையே போட்டியே, அதுவே போதும். நாங்க நல்லபடியா போயிட்டு வர்றோம். எனக்கு என்ன கொறைச்சல், நான் நல்லாத்தான் இருக்கேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. வச்சுடட்டுமா?"

வைத்துவிட்டாள்.

மூத்தவள் அம்மாவின் கண்களையே பார்த்தாள். மறந்துவிட்டாளா, அல்லது அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தெரிந்தேதான் சொன்னாளா? பெற்ற பெண்ணுக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நாலு நாற்பது. இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. கையில் போன் இருந்தது. கூடவே, செய்து கொடுத்த சத்தியமும் இருந்தது.

அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவிடம்தான் கேட்டாள்.

"சரியாப் பேசினேனாங்க?"